இடம் விடுங்கள்

சேந்தமங்கலத்தில் பிறந்தவனுக்குச் சூரியன் கொல்லிமலையிலிருந்துதான் புறப்பட்டு வருகிறது. மொட்டை மாடியில் பல் துலக்கிக்கொண்டே நாற்பது வருஷங்களாக நான் அந்த மலையைப் பார்த்து வந்திருக்கிறேன். பார்த்துப் பழகிவிட்ட பொருளைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைப்பது மனித இயல்பு. எழுத்தாளனுக்கு அந்த இயல்பு சற்று அதிகம். அதனால்தான் மலை ஜனங்களைப் பற்றி ஒரு நாவலும் அரை டஜன் சிறுகதைகளும் எழுதி, அவற்றுக்காக மாலையும் மரியாதையும் பெற்று, 'மலையின் குரல்' என்று ஒரு பட்டத்தையும் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் இலக்கிய விழா நடந்தது. நடத்தியவர்கள் நல்லவர்கள், ஆகவே பெயர் வேண்டாம். விழாவுக்குத் தலைப்பு 'கொல்லிமலையும் தமிழும்'. அழைப்பிதழில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பேராசிரியர்கள், ஒரு பட்டிமன்றப் பேச்சாளர். எல்லோருக்கும் கீழே, பந்தல் ஒலிபெருக்கி உபயதாரர்களுக்குச் சற்று மேலே, மலையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் 'பத்திரிகை நிருபர்' என்று போட்டிருந்தார்கள். ஆனால் மற்றவர்களுக்குச் 'சிறப்புரை' என்றிருந்த இடத்தில் இவருக்கு 'வாழ்த்துரை'.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நாமக்கல்லில் பட்டப்படிப்பு முடித்தவள். பாருங்கள், பேராசிரியர்களை 'அவர்கள்' என்று எழுதிய பேனா இங்கே 'முடித்தவள்' என்று எழுதிவிட்டது. திருத்திக்கொள்கிறேன்: முடித்தவர். மலைமேலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறார். அச்சானால் செய்திக்கு இவ்வளவு என்று கூலி. அச்சாகாவிட்டால் அதுவும் இல்லை. கைப்பேசியில் தாமே படம் பிடித்து, தாமே பேசி வெளியிடுவதும் உண்டு. நானோ கல்லூரியில் இரண்டு வருஷம் ஒப்பேற்றிவிட்டுப் பாதியில் திரும்பியவன். அன்றைக்கு மேடையில் எனக்கு 'அறிஞர்' என்று பெயர். அவருக்கு 'நம்ம மலைத் தங்கச்சி'.

நான் ஐம்பது நிமிஷம் பேசினேன். வல்வில் ஓரியில் ஆரம்பித்தேன். கொல்லிப்பாவையைத் தொட்டேன். அறப்பளீஸ்வரரையும் ஆகாய கங்கையையும் விட்டுவைக்கவில்லை. மலை ஜனங்கள் கள்ளங்கபடமற்றவர்கள், சூதுவாது அறியாதவர்கள் என்று சொல்லி முடித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பிறகு பேராசிரியர்கள், பிறகு பட்டிமன்றக்காரர், பிறகு மலைக்காரர்களின் ஆட்டம். இரவு ஒன்பதேகால் மணிக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பாதிக் கூட்டம் பந்திக்குப் போய்விட்டது.

"எங்க மலையப் பத்திப் பேப்பர்ல மூணு சேதிதாங்க வரும்" என்று ஆரம்பித்தார் அவர். "வளைவுல வண்டி கவுந்துச்சு, சாராயம் புடிச்சாங்க, அருவியில கூட்டம். இந்த மூணத் தவிர அங்க ஒண்ணுமே நடக்கறதில்லைங்களா? மொளகு என்ன வெலைக்குப் போவுது, ஆஸ்பத்திரிக்கு எம்மாந்தூரம் போவணும், சாதிச் சான்றுக்கு எத்தன நட நடக்கறோம்னு எவராச்சும் எழுதியிருக்காங்களா? போன மாசம் எங்கூர்ல..."

இந்த இடத்தில் விழாச் செயலாளர் எழுந்து போய் அவர் முன்னால் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார். வைத்துவிட்டு, ஒலிபெருக்கி பக்கத்தில் இருப்பதை மறந்து, "கண்ணு, எலை போட்டாச்சு. ரெண்டு வார்த்தைல முடிச்சுக்க" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். "நன்றிங்க" என்று சொல்லி அந்தப் பெண் இறங்கிவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம்.

போன மாசம் அந்த ஊரில் என்ன நடந்தது? சாப்பிட உட்கார்ந்த எனக்கு அந்தப் பாதி வாக்கியம் தொண்டையில் நின்றது. எழுந்து போய் மண்டபத்துப் படியில் அவரைப் பிடித்தேன்.

"என்னம்மா சொல்ல வந்தே? எங்கிட்ட சொல்லு, நான் எழுதறேன். என் பேர்ல அனுப்பினா எந்தப் பத்திரிகையும் போட்டுடும்" என்றேன். தயவோடுதான் சொன்னேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

"வேணாங்க ஐயா" என்றார் அவர். "அது எங்க சேதி. நானே எழுதிக்கறேன். நீங்க எடம் மட்டும் விடச் சொல்லுங்க, போதும்."

காளப்பநாயக்கன்பட்டியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் மலை ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்கு வர வேண்டிய பாக்கி அது என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மலை ஜனங்களைப் பற்றிப் பேசுவதற்கு என்றைக்கும் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. ஓரியைப் பாடிய புலவர்கள் பரிசில் பெற்றுக்கொண்டு வந்த வழியே போனார்கள். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்தியாவின் ஜாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் ஏழு பாகங்களில் எழுதி வெளியிட்டார். மண்டையையும் மூக்கையும் அளப்பதில் பேர் போனவர் அவர். நம் மலையாளிகளும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள். அப்புறம் உத்தியோகஸ்தர்கள் எழுதினார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எழுதினார்கள், என் போன்ற கதாசிரியர்கள் எழுதினோம். இவ்வளவு பேர் எழுதியும், மலையாளி என்றால் இன்றைக்கும் சமவெளியில் ஒருவர் தவறாமல், "கேரளாவா?" என்று கேட்கிறார். தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத ஜனங்கள் அவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்ததாக வழிவழியாகக் கதை சொல்லுகிறவர்கள். 2011-ஆம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள் 7,94,697 பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. அவர்கள் யார் என்பதே பக்கத்து ஊருக்குத் தெரியவில்லை என்றால், இதுவரை எழுதிய நாங்களெல்லாம் என்னதான் எழுதினோம்?

என் வண்டவாளத்தை நானே சொல்லிவிடுகிறேன். அந்த விழாவுக்கு மறுநாள் என் நாவலை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அதில் ஒரு மலைக்காரன் வருகிறான். முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களில் அவன் வாய் திறந்து பேசுவது பதினொரு வரி. அந்தப் பதினொன்றில் ஐந்து, "சரிங்க சாமி." மற்ற நேரமெல்லாம் தேன் கொண்டுவருகிறான், கதாநாயகனுக்கு வழி காட்டுகிறான், கடைசியில் அவனுக்காக உயிரையும் விடுகிறான். விமர்சகர்கள் அவனை 'உயிருள்ள பாத்திரம்' என்று கொண்டாடினார்கள்!

'கள்ளங்கபடமற்றவர்கள்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் அன்று மேடையில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், ஒருவரைக் குழந்தை என்று சொல்லிவிட்டால் பிறகு அவருடைய பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மடியில் வைத்துக் கொஞ்சினால் போதும். 1946 டிசம்பர் 19-ஆம் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபையில் ஒருவர் எழுந்து, இந்தக் கொஞ்சலுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அவர் ஜெய்பால் சிங் முண்டா. சோட்டாநாகபுரியின் முண்டா இனத்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கிக் கோஷ்டிக்குத் தலைவராக இருந்தவர். எங்களைக் காட்டான் என்கிறீர்கள், அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான் என்றார். பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுக்கொடுக்க முடியாது, அவர்களிடமிருந்துதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவருக்காக வேறு யாராவது பரிந்து பேசியிருந்தால் இந்த வார்த்தைகள் வந்திருக்குமா? இரக்கம் வந்திருக்கும், சலுகை வந்திருக்கும். இந்த மிடுக்கு வந்திராது.

நான் இப்படிப் பேச ஆரம்பித்ததிலிருந்து நண்பர்கள் மூன்று ஆட்சேபங்கள் சொல்லுகிறார்கள். மூன்றும் கௌரவமான மனிதர்கள் சொல்லுகிற ஆட்சேபங்கள்தான். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் ஆட்சேபம்: "இடம் விடுவது இருக்கட்டும் ஸார், எழுதத் தெரிந்தவர்கள் அங்கே யார் இருக்கிறார்கள்?"

ராஞ்சியில் இருக்கிறார் தயாமணி பார்லா. அவரும் முண்டா இனப் பெண். கும்லா ஜில்லாவில் ஆர்ஹாரா என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே நிலம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் சிதறி, தாயார் ராஞ்சியில் வீட்டு வேலைக்குப் போனார். மகளும் அதே ஊரில் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கித்தான் படித்தார். கல்லூரிப் படிப்பையும் முடித்தார். பிறகு 'பிரபாத் கபர்' என்ற இந்தித் தினசரிக்கு எழுதினார். கிராமப்புறச் செய்தி எழுத்துக்காக 2000-ஆம் ஆண்டில் பரிசு பெற்றார். எழுத்து சோறு போடாது என்பதால் ராஞ்சியில் ஒரு டீக்கடை வைத்தார். நம் ஊரில் டீக்கடையில் பத்திரிகை படிப்பார்கள். அந்தக் கடையில் டீ ஆற்றியவரே பத்திரிகைக்கு எழுதினார். நாலு பேர் வந்து உட்கார்ந்து ஊர் விஷயம் பேசும் இடம் அதுதான் என்பதும் அவர் கடை வைத்ததற்கு ஒரு காரணம்.

அவர் எழுதியது எதைப் பற்றி? கோயல், காரோ ஆறுகளில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்த ஜனங்களைப் பற்றி. அந்தப் போராட்டத்தில் 2001 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்காராவில் போலீஸ் சுட்டதில் எட்டுப் பேர் மாண்டார்கள். அப்புறம் 2005-இல் மிட்டல் ஸ்டீல் கம்பெனி, வருஷத்துக்கு 1.2 கோடி டன் எஃகு செய்யும் ஆலை கட்டுவதற்கு ஜார்க்கண்ட் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏறக்குறைய நாற்பது கிராமங்கள் இடம் பெயர வேண்டியிருக்கும் என்ற நிலை. தயாமணி கிராமம் கிராமமாக நடந்தார். கூட்டம் போட்டுப் பேசினார். பேசியதை எழுதினார், எழுதியதைக் கொண்டுபோய் மறுபடியும் பேசினார். அந்தக் கிராமங்களில் ஆலை வரவில்லை. 2012-இல் பழைய வழக்கு ஒன்றில் சுமார் இரண்டு மாதம் சிறையில் இருந்தார். மறு வருஷம், 2013-இல், பழங்குடி உரிமைக்காக அமெரிக்காவில் கொடுக்கும் எல்லென் லுட்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

எழுதத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாத்திரம் துலக்கும் கைகள் காய்ந்து பேனா பிடிப்பதற்குள் பாதிப் பேர் மனம் விட்டுப்போகிறார்கள் என்பதுதான் நிஜம். ஆள் இல்லை என்று சொல்லுகிறவர், ஆள் வந்து படியேறியபோது துண்டுச் சீட்டு வைத்தவரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம்: "அந்த அம்மாள் போராட்டக்காரர். 2014-இல் தேர்தலில்கூட நின்றார். அவர் எழுதுவது எப்படிச் செய்தியாகும்? நடுநிலை வேண்டாமா?"

நடுநிலை வேண்டியதுதான். ஆனால் அதை நாம் எல்லோரிடமும் கேட்கிறோமா? 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டவர்களில் ஒருவர் திரு.வி.க. அப்போது அவர்தான் 'தேசபக்தன்' ஆசிரியர். பின்னர் 'நவசக்தி' நடத்தினார். காலையில் ஆலைத் தொழிலாளிக்காகத் தலையங்கம், மாலையில் அதே தொழிலாளி கூட்டத்தில் பிரசங்கம். அவருடைய தமிழைப் பாடப் புத்தகத்தில் வைத்துப் படித்தோமே தவிர, நடுநிலை எங்கே என்று கேட்டோமா? காந்திஜி போராட்டம் நடத்திக்கொண்டே பத்திரிகையும் நடத்தினாரே, அதைத் துண்டுப் பிரசுரம் என்று தள்ளினோமா? நம்முடையவர் செய்தால் தேசத் தொண்டு, மலைக்காரி செய்தால் பட்சபாதம்! ஆலை வரும் என்று மகிழ்ந்து எழுதுகிற நிருபருக்கு அந்த நாற்பது கிராமங்களில் ஒரு குழி நிலமும் இல்லை என்பதாலேயே அவர் நடுநிலையாளர் ஆகிவிடுவாரா? தன் வீடு பற்றி எரிகிறதென்று கத்துகிறவனிடம் பட்சபாதம் இருக்கத்தான் செய்யும். அவன் சொல்லுகிற விலாசமும் சரியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் என் சக எழுத்தாளர்களுடையது: "அப்படியானால் அவரவர் கதையை அவரவர்தான் எழுத வேண்டுமா? கற்பனைக்கு வேலையே இல்லையா?"

இருக்கிறது. நான் நாவல் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் கதை வேறு, சாட்சி வேறு. கதைக்கு என் மனசாட்சி போதும். சாட்சிக்கு அந்த இடத்தில் இருந்தவரின் வாய் வேண்டும். இரண்டையும் நானே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதுதான் என் குற்றம்.

வெகுதூரம் போக வேண்டாம். நம் பக்கத்துத் தர்மபுரி ஜில்லாவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கிருப்பவர்களும் மலையாளிகளே. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள், ஜனங்களை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், பதினெட்டுப் பெண்களை நாசம் செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் இடதுசாரிகளும் எடுத்துச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வந்த பிறகும் அந்தப் பெண்களின் பேச்சை நம்பச் செய்வதற்குப் படாத பாடு பட வேண்டியிருந்தது. தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது 2023 செப்டம்பர் 29-இல். முதல் தீர்ப்புக்குப் பத்தொன்பது வருஷம், மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு முப்பத்தொரு வருஷம்.

1992-இல் அந்த ஊரில் பிறந்த ஒரு பெண் நிருபராக இருந்திருந்தால் அந்த அக்கிரமம் நடந்திராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலைப் பத்திரிகையில் அது வந்திருக்கலாம். வந்திருந்தால் சந்தேகத்தின் பலன் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு அன்று பத்திரிகையில் ஆள் இல்லை. உடையணிந்த உத்தியோகஸ்தர் சொன்னது செய்தி. கிழிந்த புடவையோடு நின்றவர் சொன்னது புகார். கடைசியில் வழக்கை நிலைநிறுத்தியது எது? அந்தப் பெண்கள் தாங்களே நீதிமன்றத்தில் ஏறி நின்று சொன்ன சாட்சியம். எந்த நாவலாசிரியனும் அவர்களுக்காக ஏறி நின்றிருக்க முடியாது.

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து நம் நாட்டுப் பத்திரிகைகள், தொலைக்காட்சிகள் முதலியவற்றின் தலைமைப் பதவிகளைக் கணக்கெடுத்தன. பார்த்த பதவிகள் 121. அவற்றில் 106 உயர்சாதியாரிடம். தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. எங்கள் சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. 234-இல் இதுவும் ஏற்காடும் என இரண்டே தொகுதிகள் அப்படி. சட்டம் போட்டால் நாற்காலி கிடைத்துவிடுகிறது. பத்திரிகைப் பத்தியைச் சட்டம் போட்டு ஒதுக்க முடியாது. நாம் மனசு வைத்தால்தான் உண்டு. தங்கள் மொழியில் தங்கள் பத்திரிகைகளை நடத்திக்கொள்ளவும், மற்றவர் பத்திரிகைகளில் பேதமின்றி இடம் பெறவும் பழங்குடிகளுக்கு உரிமை உண்டென்று ஐக்கிய நாடுகள் சபை 2007-இல் தன் பிரகடனத்தின் பதினாறாவது பிரிவில் எழுதிவைத்தது. இந்தியாவும் கையைத் தூக்கி ஆதரித்தது. டில்லியில் தூக்கிய கையை நாமக்கல்லில் இறக்கிவிட்டால் எப்படி?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மலைச் செய்திக்கு மலையிலேயே ஆள் வையுங்கள். துண்டுக் கணக்கில் கூலி கொடுக்காமல் மாதச் சம்பளம் கொடுங்கள். எழுதியவர் பெயரைப் போடுங்கள். விழா நடத்துகிறவர்களே, மலையைப் பற்றி விழா என்றால் மலைக்காரருக்கு முதலில் ஒலிபெருக்கியைக் கொடுங்கள், எங்களுக்குக் கடைசியில். இலை போடும் நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அப்போதுதான் சுருக்கமாகவும் பேசுவோம். வாசகர்களாகிய உங்களிடமும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட புத்தகங்களை நீங்கள் வாங்கிப் படிக்கிறீர்கள். அதனால்தான் எங்கள் குரல் இவ்வளவு தூரம் கேட்கிறது. காசு கொடுத்துக் கேட்கிற உங்களுக்கு, இந்தச் செய்தியை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்கவும் பாத்தியதை உண்டு.

அந்தப் பெண் சொல்ல வந்த செய்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு தினசரியின் உள்பக்கத்தில் ஆறு வரியாக அது வந்தது. படித்தவுடன் தெரிந்துகொண்டேன், அது அவருடைய வாக்கியம். மேலே அவர் பெயர் இல்லை. 'நமது நிருபர்' என்று இருந்தது. அது என்ன செய்தி என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. அதற்கும் ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளுகிற ஆசை எனக்கு இன்னும் போய்விடவில்லை என்பதால்தான் சொல்லாமல் விடுகிறேன். அவரே விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

பட்டம் பொறித்த கேடயத்தை விழாச் செயலாளர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனம் நொந்துபோனார். "ஏனுங்க ஸார், நாங்க என்ன குறை வெச்சோம்?" என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, மலைக்குக் குரல் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவது குரல் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆடியிலும் விழா உண்டாம். நான் வருகிறேன், கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.